உறுதியான பயணச்சீட்டு இருந்தும் விமானத்தில் ஏற்றவில்லை. படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி:
ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றிலிருந்து புறப்படும் நெடுந்தூர விமானத்தில் எனக்கு உறுதியான பயணச்சீட்டு இருந்தது. உரிய நேரத்துக்கு முன்பே செக்-இன் வரிசையில் நின்றும், இருக்கைகளைவிட அதிகமானோர் முன்பதிவு செய்திருப்பதாகக் கூறி போர்டிங் பாஸ் தர மறுத்துவிட்டார்கள். மறுநாள் விமானத்தில் இடமும் 200 யூரோ வவுச்சரும் தருவதாகச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். பதற்றத்தில் படிக்காமலே கையெழுத்திட்டேன். பிறகு பார்த்தால், நானாகவே முன்வந்து இடத்தை விட்டுக்கொடுத்ததாக அதில் அச்சிட்டிருக்கிறது. இனி வழி உண்டா?

பதில் 1:
உண்டு. ஒன்றியத்துக்குள்ளிருந்து புறப்படும் விமானங்களுக்கு, அவை எந்த நாட்டு நிறுவனத்துடையவையாக இருந்தாலும், 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குவிதி பொருந்தும். அதன்படி நிறுவனம் முதலில் விருப்பமுள்ளவர்களைத் தேட வேண்டும். போதிய பேர் முன்வராதபோதுதான் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தலாம். அப்படி நிறுத்தப்பட்டவருக்கு ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமானால் 600 யூரோ உண்டு. மாற்று விமானம் நான்கு மணி நேரத்துக்கு மிகாத தாமதத்தில் கொண்டுசேர்த்தால் அதைப் பாதியாகக் குறைக்கலாம். மறுநாள் பயணம் என்பதால் உங்களுக்கு அந்தக் குறைப்பு பொருந்தாது. காத்திருக்கும் நேரத்துக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் இதற்கு மேற்பட்டவை. பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலன்றி, இழப்பீட்டை வவுச்சராகத் தரவும் கூடாது.

பதில் 2:
மேலே உள்ளவர் சொன்னது சரிதான். ஆனால் சிக்கலே அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. தானாக முன்வந்தவருக்கு, நிறுவனத்தோடு பேசி முடிவு செய்த சலுகையும், பயணச்சீட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுவது அல்லது மாற்று விமானத்தில் செல்வது என்ற தெரிவும் மட்டுமே கிடைக்கும். 600 யூரோ அவருக்கு உரியதன்று. ஆகவே நீங்கள் முன்வரவில்லை, மறுக்கப்பட்டீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். இங்கே இரண்டு விதிகள் உங்களுக்குத் துணை நிற்கின்றன. ஏற்ற மறுக்கும்போதே உரிமைகளை விளக்கும் எழுத்து அறிவிப்பை நிறுவனம் தர வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. உரிமைகள் சரியாகத் தெரிவிக்கப்படாததால் குறைந்த இழப்பீட்டை ஏற்றுக்கொண்ட பயணி, மீதியைப் பெற வழக்குத் தொடரலாம் என்கிறது 15ஆம் பிரிவு. அறிவிப்பு எதுவும் உங்களிடம் தரப்பட்டதா?

கேள்வி கேட்டவர்:
இல்லை. படிவத்தைத் தவிர ஒரு துண்டுத் தாளும் தரவில்லை. வவுச்சரையும் இன்னும் பயன்படுத்தவில்லை.

பதில் 2:
அதை அப்படியே பயன்படுத்தாமல் வைத்திருங்கள். செக்-இன் வரிசையில் நின்ற நேரத்துக்கான சான்று, அதே கவுண்டரில் நிறுத்தப்பட்ட சக பயணிகளின் தொடர்பு, மறுநாள் போர்டிங் பாஸ் ஆகியவற்றைச் சேர்த்து, 14, 15ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். மறுத்தால், புறப்பட்ட நாட்டில் இந்த ஒழுங்குவிதியை அமல்படுத்தும் அமைப்பிடம் முறையிடலாம்.

பதில் 3:
ஒரு சிறு குறிப்பு. முன்பதிவு செய்தும் வராதவர்களைக் கணக்கிட்டே கூடுதலாக விற்கிறார்கள், அது சட்டவிரோதமன்று. விருப்பமுள்ளவர்களுக்குச் சலுகை தந்து இடத்தைத் திரும்பப் பெறும் யோசனையை முன்வைத்த பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன், எவ்வளவு கொடுத்தால் இடத்தை விடுவோம் என்று பயணிகளே தொகை சொல்லும் ஏலமாக அது நடக்க வேண்டும் என்றே எண்ணினார். இங்கே நடந்திருப்பது பேரமே அன்று.