பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தலாமா?

பொருளாளர், ஏ பிளாக்:
ஓசூர் பாகலூர் சாலையில் இருக்கும் நம் குடியிருப்பில் 48 வீடு, மாதம் 2,200 ரூபாய். 9 வீட்டுக்காரர்கள் ஒன்றரை வருடமாகக் கட்டவில்லை, பாக்கி மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பணம் கட்டாததால் லிஃப்ட் கம்பெனிக்காரர் வரவில்லை, பதினோரு நாளாக லிஃப்ட் ஓடவில்லை. முழங்கால் ஆபரேஷன் செய்த மூன்றாவது மாடிப் பாட்டி மாடி திரும்பும் இடத்தில் எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. கட்டாதவர் வீட்டுத் தண்ணீர் வால்வை மூடிவிடலாம் என்பது என் கருத்து.

இரண்டாவது மாடி, சி பிளாக்:
அந்த ஒன்பதில் நானும் ஒருவன் சார், ஒளிக்க ஒன்றுமில்லை. என் பாத்ரூம் கூரை ஒழுகுகிறது என்று நாலு தடவை எழுதிக் கொடுத்தேன், யாராவது வந்து பார்த்தீர்களா? காரை பெயர்ந்து வாஷிங்மெஷின் மேல் விழுந்திருக்கிறது. ஜெனரேட்டர் டீசலுக்கு எவ்வளவு, லாரித் தண்ணீருக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டால் அடுத்த கூட்டம் என்கிறீர்கள். கணக்கைக் காட்டுங்கள், ஒழுகலை அடைத்துக் கொடுங்கள், அன்றைக்கே கட்டுகிறேன்.

பொருளாளர், ஏ பிளாக்:
ஒழுகலை அடைக்கவும் பணம்தானே வேண்டும்? நீங்கள் கட்டாமல் நிறுத்தினால் உங்கள் வேலையும் நிற்கும், பாட்டியின் லிஃப்டும் நிற்கும். ஒழுங்காகக் கட்டுகிற 39 வீடு எத்தனை நாள் உங்களுக்கும் சேர்த்துச் சுமக்கும்?

வாடகைக்கு இருப்பவள், பி பிளாக்:
அண்ணா, ஒரு விஷயம். என் வீடும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பராமரிப்பும் சேர்த்துத்தான் மாதாமாதம் ஓனருக்கு ஜிபேயில் வாடகை போடுகிறேன். அவர் பெங்களூரில் இருக்கிறார், அதை உங்களுக்குக் கட்டுவதில்லை. வால்வை மூடினால் அவருக்கு என்ன நஷ்டம்? குளிக்காமல் பள்ளிக்கூடம் போகப்போவது என் பிள்ளைதான்.

வழக்கறிஞர், டி பிளாக்:
தண்ணீரில் கை வைக்காதீர்கள். அது அடிப்படைத் தேவை, மூடினால் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள், அப்புறம் பதில் சொல்லும் இடத்தில் சங்கம் நிற்கும். அதே சமயம் சி பிளாக் சாருக்கும் சொல்கிறேன், ஒழுகுகிறது என்பதற்காகக் கட்டணத்தை நிறுத்துவதும் சரியில்லை. கட்டிக்கொண்டே புகார் செய்வதுதான் உங்களுக்குப் பலம்.

பொருளாளரே, நீங்கள் பயப்பட வேண்டியது நாள் கடப்பதற்கு. 1963ஆம் வருடத்து காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரிப் பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதுவும் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் தனித்தனியாக ஓடும். கெடு முடிவதற்குள் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று பாக்கி வைத்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம். வாட்ஸப்பில் திட்டிக்கொண்டிருப்பதை விட அந்த ஒரு கையெழுத்து பெரிது.

பொருளாளர், ஏ பிளாக்:
கோர்ட்டு என்றால் வருடக் கணக்கில் இழுக்குமே சார். முப்பது நாற்பதாயிரத்துக்கு யார் அலைவது?

வழக்கறிஞர், டி பிளாக்:
வழக்குப் போடாமலே லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் வரும் தீர்வு சிவில் கோர்ட்டு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. அவர் வர மறுத்தால் வழக்குதான் வழி. அதற்கு முன்னால் சங்கத்தின் விதிகளை எழுதிய துணைவிதியில் தாமதத்துக்கு வட்டி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாத வட்டியைச் சேர்த்துக் கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அடுக்ககச் சட்டமும் மாறிவிட்டது, 1994ஆம் வருடத்துச் சட்டம் போய் 2022ஆம் வருடத்துச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்துவிட்டது. நம் துணைவிதி பழையது, அதையும் கூட்டத்தில் எடுங்கள்.

இரண்டாவது மாடி, சி பிளாக்:
லோக் அதாலத்துக்கு நான் வருகிறேன். ஆனால் டீசல் பில், லாரி பில் எல்லாம் மேஜை மேல் இருக்க வேண்டும். நோட்டீஸ் போர்டில் என் பெயரை எழுதி மானத்தை வாங்கினீர்களே, அதை முதலில் அழியுங்கள்.

பொருளாளர், ஏ பிளாக்:
பெயரை இன்றைக்கே அழிக்கிறேன். கணக்கு நோட்டு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு செக்யூரிட்டி அறையில் இருக்கும், வந்து பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஆறு மாதப் பாக்கியாவது முதலில் கட்டுங்கள், அதில்தான் லிஃப்ட் கம்பெனிக்காரரைக் கூப்பிட வேண்டும். வால்வை இப்போதைக்குத் தொடவில்லை, ஆனால் பேச்சுக்கே வராதவர்களை என்ன செய்வது என்பதில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

வாடகைக்கு இருப்பவள், பி பிளாக்:
ஓனரின் பெங்களூர் முகவரி வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது அண்ணா. சாயங்காலம் நகல் எடுத்துத் தருகிறேன், கடிதத்தை இந்த வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே அனுப்புங்கள்.