கோயிலுக்குப் போக முடியாத காலத்தில் மனசு வறண்டு போகாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

கொங்குமகள்:
எல்லோருக்கும் வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கம். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் தெளிவாக இல்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

முன்பெல்லாம் அமாவாசை தவறாமல் ஆனைமலை மாசாணியம்மனைப் பார்த்துவிட்டு வருவேன். இந்த ஆடி மாதம் முழுக்க வாசலைத் தாண்டவில்லை. இப்போது புரட்டாசியும் பிறந்துவிட்டது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் காரமடைக்குக் கிளம்புகிறார்கள். எனக்கு இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். காலையில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. சாமி கும்பிடுகிறேனா, சும்மா தீக்குச்சி கிழிக்கிறேனா என்றே தெரியவில்லை.

தியானம் செய், புத்தகம் படி என்று சொல்லாதீர்கள், நேரமில்லை. சோறு வடிக்கும்போதே செய்ய முடிகிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

நாஞ்சில்நர்ஸ்:
அக்கா, நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், ஆனால் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. அப்பா படுக்கையில் கிடந்தபோது சாயங்கால குடும்ப ஜெபத்தை முன்னறையிலிருந்து அவர் கட்டிலைச் சுற்றி மாற்றிவிட்டோம். ஜெபமாலை முழுதாகச் சொல்ல முடியாத நாட்களில் அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போதே ஒரு பத்து மணி சொல்வேன். ஒரு கையைத் துடைத்து முடிப்பதற்குள் மூன்று நான்கு அருள்நிறை மரியே ஆகிவிடும். துடைப்பது வேறு, ஜெபம் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம், புரட்டும்போது குதிகால், இடுப்புக்குக் கீழே தண்டெலும்பு இரண்டையும் பாருங்கள். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் பாரம் படவே விடாதீர்கள்.

காவிரிக்கரை:
அம்மாடி, நான் மயிலாடுதுறை. ஐப்பசி முழுக்க எங்கள் ஊர் துலாக்கட்டத்தில் காவிரி ஸ்நானம். கங்கையே அந்த மாதம் இங்கே வந்து குளித்துப் போகிறாள் என்பார்கள். கடைசி நாள் கடைமுகம், ஊரே ஆற்றில் நிற்கும். ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு மறுநாளைப் பற்றி. நடக்க முடியாத ஒருவர் ஐப்பசிக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று தவித்துத் தவித்து வந்தாராம். வந்து சேர்வதற்குள் மாதமே முடிந்துவிட்டது. அவர் அழுததைப் பார்த்து இறைவன் கார்த்திகை முதல் நாளிலும் முழுகு, அதே பலன் என்று அருள் செய்தாராம். இன்றைக்கும் அது முடவன் முழுக்குதான். வர முடியாதவருக்காகச் சாமி நாளை நீட்டிக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு, உன் பக்தி குறைந்துவிட்டது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் வீட்டுக்காரர் படுத்த வருடம், ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஐப்பசியில் என்னால் போக முடியவில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி பக்கத்து வீட்டுப் பெண் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் துணியை நனைத்து அவர் பாதத்தைத் துடைத்தேன். விரலிடுக்கு வரை. அவர் ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் குவித்தார்.

மாதத்தை அடுப்படிக்கு அழைத்துக்கொள். புரட்டாசி சனிக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி மாவு, வெல்லம், நெய், ஒரு திரி, மாவிளக்கு ஆயிற்று. ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். லிங்கம் முழுக்கச் சோறு சாத்துவார்கள். அன்றைக்கு நீ வடிக்கிற சோற்றை அந்த நினைப்போடு வடி. கார்த்திகை அகலை வாசலில் மட்டும் வைக்காமல் அத்தை கண்ணில் படுகிற ஜன்னலிலும் ஒன்று வை. மார்கழியில் திருப்பாவை நாளுக்கு ஒரு பாசுரம், சத்தமாக, அத்தை காதில் விழும்படி. பேச்சு போனவர்களுக்கும் சின்ன வயதில் பாடிப் பழகியது சில சமயம் வாயில் வரும். வராவிட்டாலும் போகிறது, கேட்கட்டும். பங்குனியில் வேம்பு பூக்கும்போது மரத்தடியில் துணி விரித்துப் பையனைப் பொறுக்கச் சொல். சித்திரைப் பிறப்புக்குப் பச்சடி.

வேம்படி:
பெரியவங்க சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்தத் தங்கைக்கு வேலையைக் கூட்டிவிடாதீர்கள். மாவிளக்கு வைக்கவில்லையே என்று அடுத்த சனிக்கிழமை அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி வந்து சேரும். தங்கச்சி, வீட்டுக்காரர் ஊரில் இருக்கிற இரவுகளில் அத்தையை அவர் புரட்டட்டும், நீங்கள் தூங்குங்கள். பெற்ற தாய்க்குச் செய்கிற சேவையில் அவருக்கும் பங்கு வேண்டாமா? தூங்கி எழுந்த மனசில்தான் சாமி நிற்கும்.

கொங்குமகள்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணா, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். காவிரிக்கரை அம்மா, முடவன் முழுக்கு கதையை அத்தையிடம் சொன்னேன், கண் கலங்கிவிட்டார்.

இன்று சனிக்கிழமை. பையன் நாமம் போட்டு, செம்பை எடுத்துக்கொண்டு, கோவிந்தா சொல்லிக்கொண்டு கிளம்பினான். முதலில் பாட்டி கட்டிலுக்குத்தான் போனான். நான் அரிசித் தட்டை நீட்டினேன். அத்தை இடது கையால் அள்ளி, பாதி சிந்தி, மீதியைச் செம்பில் போட்டார். எத்தனையோ வருடமாக எங்கள் வீட்டில் முதல் அரிசி அவர்தான் போடுவார்.

மாலையில் மாவிளக்கு வைக்கப் போகிறேன். அத்தைக்கு ஒரு வாய் கொடுக்கலாமா? மருத்துவர் குழைத்த சாப்பாடு வாய் வழியாகக் கொடுக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நாஞ்சில்நர்ஸ்:
பச்சை மாவாக வேண்டாம் அக்கா, தொண்டையில் ஒட்டும். பூஜை முடிந்ததும் அதே மாவைப் பாலில் வேகவைத்துக் கட்டியில்லாமல் கெட்டிக் கூழாக்குங்கள். தண்ணீர் மாதிரி ஓடினால் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, அரை ஸ்பூன், விழுங்கினாரா என்று பார்த்துவிட்டு அடுத்தது. இருமல் வந்தால் நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.