98-க்கு மேல் ஏறாத நாடித்துடிப்பு

கவிதா: பிரபு அண்ணா, ஒரு சந்தேகம். அப்பா நடந்து முடிக்கும்போது கடிகாரத்தில் நாடித்துடிப்பு 98-தான் காட்டுகிறது. மூச்சு வாங்குகிறது, கால் ஓய்ந்துபோகிறது, துடிப்பு மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 64.

முரளி: 220-இல் வயதைக் கழிக்க வேண்டும். அப்பாவுக்கு 62, அப்படியென்றால் உச்சம் 158. அதில் 70 சதவீதமாவது தொட வேண்டும் என்று படித்தேன், அதாவது சுமார் 111. இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தால் வந்துவிடும்.

பிரபு: வேண்டாம்டா முரளி, அந்த எண்ணைத் துரத்தவே கூடாது. அது பொதுவாக ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கான கணக்கு. சித்தப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் சரியாக அனுப்ப முடியாத நிலை. எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். அதோடு துடிப்பை அடக்கிவைக்கிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையான பைசோப்ரோலாலும் போகிறது. இந்த இரண்டும் இருக்கிறவருக்கு 158 என்பது வராத இலக்கு.

சுந்தரம்: தம்பி, கூட நடக்கிற நண்பருக்கு 140 வரை போகிறது. எனக்கு ஏன் போகவில்லை என்று மனதுக்குள் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருக்கிறது.

பிரபு: நியாயமான கேள்வி சித்தப்பா. நடக்கும்போது தசைக்கு அதிக ரத்தம் வேண்டும். நல்ல இதயம் அதை இரண்டு வழியில் கொடுக்கும்: ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக அனுப்பும், துடிப்பின் எண்ணிக்கையையும் கூட்டும். பலவீனமான இதயத்தால் முதலாவது பெரிதாக முடியாது, அதனால் இரண்டாவதை நம்பித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதுவும் மந்தமாகிவிடுகிறது. ஏனென்றால் இந்த நோயில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் நாள் முழுக்க ரத்தத்தில் அதிகமாகவே இருக்கும். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் கதவுக்குள் இருப்பவர் காதில் வாங்காமல் போவதுபோல, இதயத்தில் அந்த ஹார்மோனை ஏற்கிற பீட்டா ஏற்பிகள் எண்ணிக்கையிலும் குறைந்து, மழுங்கியும் போய்விடும். அப்புறம் நடக்கும்போது உடம்பு எவ்வளவு கேட்டாலும் துடிப்பு பாதிதான் ஏறும். அதுவும் சட்டென்று ஏறாது, அதனால்தான் முதல் சில நிமிடங்கள் ரொம்ப மெதுவாக நடக்கச் சொல்கிறோம். இது உங்கள் சோம்பலால் வருவது இல்லை, நீங்கள் குறைவாக நடக்கிறீர்கள் என்றும் அர்த்தம் இல்லை.

லலிதா: அப்படியென்றால் காலை மாத்திரையை நடந்துவிட்டு வந்தபிறகு போட்டால் என்ன? துடிப்பு ஏறுமே.

பிரபு: சித்தி, டாக்டரைக் கேட்காமல் அந்த நேரத்தையும் மாற்ற வேண்டாம், நிறுத்தவே வேண்டாம். 1999-இல் வந்த சிபிஸ்-2 ஆய்வில் பைசோப்ரோலால் எடுத்தவர்களிடம் மரணம் சுமார் 34 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு மெரிட்-எச்எஃப் ஆய்வில் அதே வகை மருந்தான மெட்டோப்ரோலாலுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். துடிப்பைக் கட்டுப்படுத்துவதும் அந்த மாத்திரையின் வேலைகளில் ஒன்று. திடீரென நிறுத்தினால் அதுவரை அடங்கியிருந்த அந்த ஹார்மோன்களின் தாக்கம் ஒரேயடியாகக் கிளம்பி இதயத்தைப் பாதிக்கும்.

முரளி: சரி அண்ணா. அப்போது அப்பாவின் உச்சத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பிரபு: சரியான வழி, மாத்திரை போட்டுக்கொண்டே ட்ரெட்மில் பரிசோதனை செய்வது, அதில் வருகிற எண்தான் அவருடைய எண். கணக்கு வேண்டுமென்றால் பீட்டா பிளாக்கர் எடுக்கிற ஹார்ட் ஃபெயிலியர்காரர்களுக்கென்றே 2012-இல் ஒன்று வந்தது: 119-உடன் ஓய்வுத் துடிப்பில் பாதியைக் கூட்டி, வயதில் பாதியைக் கழிப்பது. சித்தப்பாவுக்கு 119 + 32 − 31, அதாவது 120. இதிலும் ஆளுக்கு ஆள் நிறைய முன்பின் இருக்கும், ஆனாலும் 158-உடன் ஒப்பிட்டுப் பார். 120-தான் உச்சம் என்றால் 98 ஒன்றும் குறைவே இல்லை, அவர் நன்றாகவே நடக்கிறார்.

சுந்தரம்: இதைக் கேட்டதே பெரிய நிம்மதி தம்பி. அப்போது எதைப் பார்த்து நடப்பது?

பிரபு: மூச்சைப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் தந்தார், சிரமம் எவ்வளவு என்று நாமே சொல்வது. அதில் 11 முதல் 13 வரை, அதாவது லேசு என்பதற்கும் கொஞ்சம் கஷ்டம் என்பதற்கும் இடையில் இருந்தால் போதும். முடிக்கும்போது சட்டென நின்றுவிடாதீர்கள். ரத்தம் காலிலேயே தங்கி அழுத்தம் இறங்கும், மாத்திரைகள் எடுப்பவர்களுக்குத் தலைசுற்றல் வரும், அதனால் மெதுவாகக் குறைத்து நில்லுங்கள்.

கவிதா: நடக்கிறதே ஆபத்தோ என்று அம்மா பயப்படுகிறார்.

பிரபு: பயம் வேண்டாம் சித்தி. 2009-இல் வந்த எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் 2,331 நோயாளிகள் இருந்தார்கள், முறையான உடற்பயிற்சி பாதுகாப்பானது என்றுதான் வந்தது. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும், அடங்காவிட்டால் நேரே மருத்துவமனைதான். மூன்று நாளுக்குள் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்று நடக்கவே வேண்டாம், டாக்டரை அழையுங்கள்.

விஜயா: பேஸ்மேக்கர் வைத்துத் துடிப்பை ஏற்றிவிட முடியாதா பிரபு?

பிரபு: நல்ல கேள்விம்மா. பம்பிங் சரியாக இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வந்து, துடிப்பும் ஏறாதவர்களிடம் இதைச் சோதித்தார்கள், ரேப்பிட்-எச்எஃப், 2023. துடிப்பு ஏறியது, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் போகிற ரத்தம் குறைந்துவிட்டதால் உடற்பயிற்சித் திறன் கூடவில்லை. வேறு காரணத்துக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறவர்களின் விஷயம் தனி.

கவிதா: அடுத்த முறை போகும்போது ட்ரெட்மில் பற்றிக் கேட்கிறேன் அண்ணா.

பிரபு: கேள். அப்படியே துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று ஈசிஜியிலும் பார்க்கச் சொல். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிற கோளாறு இருந்தால் கடிகாரம் தப்பாகக் காட்டும். வீட்டில் பார்ப்பதென்றால் மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 வினாடி எண்ணுங்கள், 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம்.