புத்தூர் வீடு குழு: மாடி மரங்களுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். திவ்யா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு 22ஆம் தேதி பெங்களூரு கிளம்புகிறோம். 27 காலைதான் திரும்புவோம். அதுவரை மாடியில் தட்டில் வளரும் குட்டை மரங்களுக்கு, அதான் என் போன்சாய்களுக்கு, தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

கலா அத்தை: விசேஷம் 23ஆம் தேதி. நாங்கள் எல்லாரும் 24 வந்துவிடுகிறோம். உனக்கு மட்டும் என்ன அண்ணா?

திவ்யா: லால்பாக் மலர்க் கண்காட்சி அத்தை 😄

பெரியம்மா: பெண் வீட்டைப் பார்க்க வரவில்லை. மரத்தைப் பார்க்க வருகிறார்.

பெரியப்பா: குடியரசு தினத்தை ஒட்டி நடக்கும். கண்ணாடி மாளிகையில் நெரிசல் தாங்காது. போன்சாய்ப் பக்கம் கூட்டம் குறைவு, நின்று பார்க்கலாம். அப்படியே மைசூரு. கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தில் போன்சாய்க்கென்றே தனித் தோட்டம் இருக்கிறது.

சேகர்: கார்த்திக்கு லீவு இல்லை. ஊரில்தான் இருப்பான். அவன் ஊற்றட்டும்

கார்த்தி: நானா

கார்த்தி: சரி. தினம் ஒரு சொம்பா?

பெரியப்பா: சொம்புக் கணக்கு கிடையாது கார்த்தி. விரலை ஒரு கணு மண்ணுக்குள் விட்டுப் பார். ஈரம் இருந்தால் விட்டுவிடு. காய்ந்திருந்தால் பூவாளியில், தட்டின் அடி ஓட்டையில் தண்ணீர் ஒழுகும் வரை ஊற்று. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை. அது தோட்டத்து மண் இல்லை. செங்கல் பொடியும் மணலும் கொஞ்சம் தொழு உரமும். தண்ணீரைத் தேக்காது, சீக்கிரம் காயும். கொடுக்காப்புளித் தட்டு ஆழமே இல்லை, அதை முதலில் பார். அடினியம், ஜேடு இரண்டுக்கும் ஊற்றவே வேண்டாம், அடி அழுகிவிடும். ஆலமரக் கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறேன். பாவம் பார்த்துக் கழற்றிவிடாதே.

கார்த்தி: 👍

சேகர்: போன தடவை யார் பார்த்துக்கொண்டார்கள்?

கலா அத்தை: ஆரம்பிக்காதே சேகர். அந்தப் புளிய மரம் நான் வருவதற்கு முன்பே வாடியிருந்தது.

பெரியப்பா: திவ்யா பிறந்த வருடம் வைத்தது.

மாமா: இனிய காலை வணக்கம் 🌹🌹

கலா அத்தை: மரத்தைக் குட்டையாக்கினால் குடும்பம் வளராது என்று அப்போதே சொன்னேன். கார்த்திக்கு இன்னும் வரன் அமையவில்லை.

கார்த்தி: அத்தை 🙏

பெரியப்பா: பட்டினி போட்டா குட்டையாக்குகிறோம் கலா? தட்டு மாற்றும்போது வேரைக் கத்தரிக்கிறோம், அவ்வப்போது நுனியைக் கிள்ளுகிறோம். உரமெல்லாம் வேளாவேளைக்குப் போகிறது. வாஷிங்டனில் ஒரு பைன் போன்சாய் இருக்கிறது. 1625இல் தொடங்கிய வயது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் 3 கி.மீ. தள்ளி யமாகி குடும்பத்தார் தோட்டத்தில் இருந்தது. சுவர் மறைத்ததில் பிழைத்துக்கொண்டது. 1976இல் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். ஹிரோஷிமா கதையைச் சொல்லவே இல்லை! 2001இல் பேரன்கள் பார்க்கப் போனபோதுதான் அங்கே தெரிந்தது. பேரன் பேத்தி என்று அந்தக் குடும்பம் வளரத்தானே செய்தது?

சேகர்: அணுகுண்டைத் தாங்கிய மரம் அக்காவைத் தாங்குமா

சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா அத்தை: படித்துவிட்டேன்.

பெரியம்மா: சீருக்குக் குத்துவிளக்கா, பணமா? யாராவது சொல்லுங்கள்.

திவ்யா: குக்கர் மட்டும் வேண்டாம் பெரியவர்களே

கார்த்தி: பெரியப்பா, அந்த ஆலமரம் நர்சரியில் வாங்கியதா?

பெரியப்பா: இல்லை. பழைய வீட்டுக் கிணற்றடிச் சுவர் விரிசலில் முளைத்திருந்தது. வீட்டைக் கொடுப்பதற்கு முன் பெயர்த்து எடுத்தேன்.

சேகர்: அந்த வீட்டில் எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை

பெரியம்மா: குத்துவிளக்கே வாங்கிவிடலாமா?

கலா அத்தை: வெள்ளி இப்போது விற்கும் விலைக்கா? பித்தளை போதும்.

கார்த்தி: ஒரு சிக்கல். 25 நான் சென்னையில் இருக்க வேண்டும். 26 ராத்திரிதான் வருவேன்

பெரியப்பா: அந்த இரண்டு நாள்?

கலா அத்தை: நான் வந்துவிடுவேனே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

சேகர்: 🙊

பெரியப்பா: யோசித்துச் சொல்கிறேன்.

பெரியம்மா: சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். யாரிடம் கொடுக்கச் சொல்வது என்று இவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

கலா அத்தை: கார்த்தி, விரலை எத்தனை கணு விடச் சொன்னார்?