கத்தரித் தோட்டத்து வரப்பில் வளை தோண்டி வாழும் தேனீக்கள்: வரப்பை இடிக்கலாமா, பெட்டித் தேனீ வைத்தால் போதுமா?

கேள்வி: ஆலங்குளம் தோட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் தோட்டம் இருக்கிறது. கத்தரி, தக்காளி, பூசணி ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிர் செய்து பாவூர்சத்திரம் சந்தைக்கு அனுப்பி வருகிறோம். தோட்டத்தின் மேற்கு எல்லையில் ஓர் ஓடை செல்கிறது. அதன் கரையாக, தாத்தா காலத்து மண்வரப்பு ஒன்று இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. அதன் மேல் கிளுவை வேலி. இந்தக் கோடையில் ஜேசிபியைக் கொண்டு வரப்பைச் சமன் செய்து, கிளுவையை அகற்றிவிட்டு, கல்தூண் நட்டுக் கம்பிவேலி போடுவதாக வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

அதற்கு அளவெடுக்கச் சென்றபோதுதான், வரப்பின் கிழக்குச் சரிவில் புல் முளைக்காத மொட்டை மண்ணில், பென்சில் நுழையும் அளவிலான துளைகள் நெருக்க நெருக்கமாக இருப்பதைக் கவனித்தேன். கறுத்த வயிற்றில் வெளிர்நீலப் பட்டைகள் கொண்ட தேனீக்கள் அவற்றில் புகுந்து வெளியே வருகின்றன. அடை எதுவும் கண்ணில் படவில்லை. கை அருகே சென்றும் அவை கொட்டவில்லை. அவற்றுக்கு இடையில், உடலெங்கும் நீலப் பொட்டு வைத்தாற்போன்ற இன்னொரு வகை, துளை துளையாக எட்டிப் பார்த்துக்கொண்டு திரிகிறது.

கத்தரியில் பூ நிறைய உதிர்வதாகச் சொன்னதற்கு, தேனீப் பெட்டி வாங்கி வைத்தால் பிஞ்சு கூடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பெட்டி வைத்துவிட்டால் இந்த வரப்புத் தேனீக்கள் போனாலும் பாதகமில்லையா, அல்லது இவை செய்யும் வேலை வேறா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

தம்பி, முதலில் ஜேசிபிக்குச் சொன்ன வேலையை நிறுத்தி வையுங்கள். நீங்கள் வருணித்திருப்பது அமெஜில்லா என்னும் பேரினத்தைச் சேர்ந்த நீலவரித் தேனீ. உங்கள் கத்தரிக்கும் தக்காளிக்கும் அது செய்யும் வேலையை எந்தப் பெட்டித் தேனீயாலும் செய்ய முடியாது.

காரணம் பூவின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு கத்தரிப் பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் கூம்பி நிற்பவைதாம் மகரந்தப்பைகள். பெரும்பாலான பூக்களில் இந்தப் பை நீளவாக்கில் வெடித்து மகரந்தத்தை வெளியே காட்டிவிடும். கத்தரியிலோ பையின் நுனியில் மட்டும் மிகச் சிறிய துவாரம் உண்டு. பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்கினால்தான் பவுடர் கொட்டும் என்பதுபோல, பையை அதிரச் செய்தால்தான் மகரந்தம் சொரியும். தக்காளியிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். நீலவரித் தேனீ பூவில் தலைகீழாகத் தொங்கி, அந்தக் கூம்பைப் பற்றி, உடலை அதன்மேல் வளைத்துக்கொண்டு, சிறகை அடிக்காமல் பறப்பதற்கான தசைகளை மட்டும் நொடிக்குச் சில நூறு முறை அதிரச் செய்கிறது. காலை வெயில் ஏறும் நேரத்தில் செடியருகே குனிந்து நின்றால், பறக்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஓர் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். அந்த ஒலி நின்றதும் பார்த்தால் தேனீயின் அடிவயிற்றில் வெளிர்மஞ்சள் பொடி அப்பியிருக்கும்.

மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ ஆகிய எதற்கும் இந்தத் திறன் கிடையாது. நம் ஊர்க் கொசுத்தேனீக்கும் கிடையாது. ஐரோப்பாவில் பசுமைக்குடில் கூடாரத்துக்குள் வளர்க்கும் தக்காளிக்காக 1980-களின் இறுதியிலிருந்து, இப்படி அதிரச் செய்யும் திறனுள்ள பம்பிள் தேனீக்களை வளர்த்து விடுகிறார்கள். இந்தியாவில் பம்பிள் தேனீக்கள் பெரும்பாலும் இமயமலைப் பகுதியிலேயே வாழ்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெருநிலப் பரப்பில் பம்பிள் தேனீ இல்லை என்பதால், அங்குள்ள ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு நீலவரித் தேனீயையே தக்காளிக் கூடாரத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். உங்களுக்கோ அதன் உறவு ஓடைக்கரையில் தானாகவே குடியிருக்கிறது.

பூ உதிர்வதற்கு மட்டும் வேறொரு விளக்கமும் உண்டு. கத்தரியில் சூல்தண்டு (மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் தண்டு) நீண்ட பூ, நடுத்தரமான பூ, குட்டையான பூ எனப் பல வகைப் பூக்கள் ஒரே செடியில் மலரும். சூல்தண்டு குட்டையாக, மகரந்தக் கூம்புக்குள்ளேயே மறைந்திருக்கும் பூ எந்தத் தேனீ வந்தாலும் காய்க்காமல் உதிர்ந்துவிடும். ஆகவே உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் பிரித்துப் பாருங்கள். சூல்தண்டு வெளியே நீண்ட பூக்களும் நிறைய உதிர்ந்திருந்தால்தான் மகரந்தச் சேர்க்கையில் குறை என்று ஐயப்பட வேண்டும்.

இனி வரப்புக்கு வருகிறேன். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மெழுகு அடை கட்டித் தேன் சேர்க்கும் ஏப்பிஸ் பேரினத்தில் ஒரு டஜன் இனங்கள்கூட இல்லை. மற்றவற்றில் மிகப் பெரும்பான்மை தனித்து வாழ்பவை, அவற்றிலும் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை. நீங்கள் பார்க்கும் துளை ஒவ்வொன்றும் ஒரு தாயின் தனி வீடு. உள்ளே சிறு அறை அமைத்து, நீர் புகாதபடி உடலில் சுரக்கும் பொருளால் சுவரைப் பூசி, மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு வாயை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடும். பெட்டித் தேனீயின் ராணி நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். தனித்தேனீத் தாய்க்கு ஆயுள் முழுவதற்கும் பத்து இருபது என்ற கணக்குத்தான். இதனால்தான் ஒருமுறை அழிந்த வரப்புத் தேனீ எளிதில் மீள்வதில்லை. பொருத்தமான மண் அமைந்த இடத்தில் அவை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகத் தலைமுறை தலைமுறையாக வளை தோண்டுகின்றன. வெளியே ஒரு தேனீயும் பறக்காத மாதத்திலும் அடுத்த தலைமுறை புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ மண்ணுக்குள் இருக்கும். எனவே இன்ன மாதத்தில் இடித்தால் பாதகமில்லை என்று சொல்ல வழியில்லை.

நீலப் பொட்டு வைத்தது தைரியஸ் என்னும் குயில்தேனீ. அது தானாக வளை தோண்டாது. நீலவரித் தேனீ உணவு சேர்த்து வைத்த அறையில் திருட்டுத்தனமாக முட்டையிடும். அதைக் கண்டு கவலைப்படவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். பிறர் கூட்டை நம்பி வாழும் இனம் நிலைத்திருக்கிறது என்றால், அந்தக் கூட்டுக்காரர்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்று பொருள்.

பதில்: வள்ளியூர் தேனீ வளர்ப்பாளர்

ஆசிரியர் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம், அண்ணாச்சி. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால், தேனீ வராவிட்டால் காயே இல்லை. மகரந்தம் போதாமல் சேர்ந்தால் பிஞ்சு கோணலாகும் அல்லது வெம்பிவிடும். அங்கே பெட்டித் தேனீ நன்றாகவே உதவும். எள்ளுக்கும் சூரியகாந்திக்கும் அப்படியே. கத்தரிக்காக மட்டும் பெட்டி வாங்குவதானால், அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

வைத்தாலும் நம் நாட்டு அடுக்குத்தேனீயை ஒன்றிரண்டு பெட்டி வையுங்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சேக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, பெட்டியில் இருந்த அடுக்குத்தேனீக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. மார்த்தாண்டம் பக்கம் தேனை நம்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் தொழிலையே விட்டார்கள். நோய் பெட்டியோடு நிற்பதில்லை. ஒரே பூவுக்கு வந்து போகும் காட்டுத் தேனீக்கும் தொற்ற வாய்ப்புண்டு. புழு செத்த அடைச் சட்டங்களை வரப்பில் எறிந்துவிட்டுப் போகும் பழக்கத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கைவிட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பூ குறைந்த மாதங்களில் ஒரே தோட்டத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை இறக்கினால் வரப்புத் தேனீயின் வாய்க்கு எதுவும் மிஞ்சாது. தை மாதம் முதல் பங்குனி வரை நாங்கள் பெட்டிகளை ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். அங்கே ரப்பர் தளிரிலேயே தேன் சுரக்கிறது. உங்கள் ஓடைக்கரைத் தேனீயோ பெயர்ந்து போக முடியாது. நடந்து எட்டும் தொலைவுக்குள் பூத்திருப்பதைக் கொண்டுதான் பிழைக்க வேண்டும்.

பதில்: திசையன்விளை முருங்கைத் தோட்டம்

தம்பி, நான் முருங்கை வைத்திருப்பவள். முருங்கைப் பூவுக்கு எங்கள் விளையில் முதலில் வருவது கருவண்டு என்று நாங்கள் சொல்லும் தச்சுத்தேனீ. பெரிய கறுத்த உடம்பு, கருநீலமாக மின்னும் இறக்கை. பூவில் உட்கார்ந்தால் கொத்தே தாழும். அது மரத்தைத் தின்பதில்லை. பட்டுப்போன கிளையிலும் காய்ந்த மூங்கிலிலும் குடைந்து உள்ளே குஞ்சு பொரிக்கிறது. அதனால் கவாத்து செய்யும்போது பட்ட கிளைகள் எல்லாவற்றையும் விறகுக்குப் போடாமல், தோட்டத்து மூலையில் சிலவற்றை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். பந்தலுக்கு நட்டுப் பழையதான மூங்கிலையும் அப்படியே விடுகிறோம்.

கிளுவையை எடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கம்பிவேலி ஆட்டை மறிக்கும், பூக்காது. உயிர்வேலியின் அடியில்தான் ஆவாரை, தும்பை, கொழுஞ்சி, துளசி எல்லாம் தாமாக முளைத்து நிற்கும். ஆவாரம்பூவும் கத்தரியைப் போலவே அதிர வைத்தால்தான் மகரந்தம் தரும் என்பதால், கத்தரி பூக்காத நாளிலும் அந்தத் தேனீக்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. தும்பையில் நீலவரித் தேனீ ஓயாமல் வந்துகொண்டிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் அந்த வேலியோரம் சென்று பாருங்கள்: ஆண் தேனீக்கள் காய்ந்த குச்சியைப் பல்லால் கடித்துக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி உறங்கும். இந்தச் செடிகளையெல்லாம் களை என்று எண்ணிக் களைக்கொல்லி அடித்துவிட்டு, பிறகு பிஞ்சு பிடிக்கவில்லை என்று டானிக் வாங்குகிறோம். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தொடர் கேள்வி: ஆலங்குளம் தோட்டக்காரன்

அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி. அப்பாவிடம் பேசினேன், ஓடைக்கரை வரப்பையும் கிளுவையையும் விட்டுவிட்டு, ரோட்டுப் பக்கம் மட்டும் கம்பி போடலாம் என்று சம்மதித்திருக்கிறார். இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. கத்தரியில் காய்த்துளைப்பான் புழுவுக்கு மருந்து அடிக்காமல் தீரவில்லை; அதை எப்படிச் சமாளிப்பது? வரப்பில் மழைநீர் அரித்த இடத்தைச் சீர் செய்தால் துளைகள் மூடிப்போகுமா?

பதில்: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

மருந்து விஷயத்தில் நேரத்தைவிட வகை முக்கியம். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்து சேர்பவை. மாலையில் அடித்தாலும், வேரில் ஊற்றினாலும், மறுநாள் பூவுக்கு வரும் தேனீயின் வயிற்றுக்குள் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவ்விரண்டையும் குளோதியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்ததற்குத் தேனீக்களே காரணம். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு, வாடித் தொங்கும் நுனிக்குருத்துகளையும் துளை விழுந்த காய்களையும் கிள்ளியெடுத்துத் தோட்டத்துக்கு வெளியே அழிப்பதும், ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும், 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் முதல் வழிகள். இதில் குருத்துக் கிள்ளுவதற்குத்தான் ஆள்கூலி ஆகும். ஆனாலும் அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் செய்தால் புழு அடங்காது. வேப்பஞ்சாறு ஆனாலும் தேனீக்கள் நடமாட்டம் ஓய்ந்த மாலையில் தெளியுங்கள். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருண்டுவிடும் என்பதால், அந்தப் பாத்தியில் காலையில் எதையும் தெளிக்கவே கூடாது. பக்கத்துத் தோட்டக்காரரிடமும் இந்த ஒன்றையாவது பேசிப் பாருங்கள்.

அரித்த இடத்தை ஓடைப் பக்கமிருந்து மட்டும் கட்டுங்கள். துளைகள் உள்ள கிழக்குச் சரிவின்மேல் மண்ணோ மூடாக்கோ போட வேண்டாம், சொட்டுநீர்க் குழாயும் அங்கே கசியக் கூடாது. இன்னும் இடம் கொடுக்க விரும்பினால், ஓடைக் களிமண்ணும் மணலும் கலந்து, சிமென்ட் சேர்க்காமல், சுடாத கல்லாக அறுத்துக் காய வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே விரல் ஆழத்துக்குச் சில துளைகள் குத்தி, மழை படாத இறவாரத்தின் கீழ், காலை வெயில் விழும்படி அடுக்கினால், மண்சுவர் வீடுகள் இருந்த காலத்தில் சுவரில் குடியேறியதுபோல நீலவரித் தேனீ அதிலும் வளை தோண்டக்கூடும். நகத்தால் கீறினால் மண் உதிர வேண்டும். உதிராவிட்டால் மணலைக் கூட்டி மறுபடி அறுக்க வேண்டும்.