கோர்ட் கார்டியனாக நியமனம்: மைனர் சொத்தில் எதுவரை கை வைக்கலாம்?

ஆற்றங்கரை

தம்பியும் அவர் மனைவியும் காலமாகிவிட்டார்கள். அவர்கள் மகளுக்கு வயது 13. மாவட்ட நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. (கார்டியன் நியமனம் கேட்கும் மனு) போட்டதில், பெரியப்பா என்ற முறையில் என்னைச் சொத்துக்குக் கார்டியனாக நியமித்திருக்கிறார்கள். ஜாமீன்தாரருடன் பத்திரம் எழுதித் தரணும், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தாக்கல் செய்யணும், வருஷா வருஷம் கணக்குக் காட்டணும் என்று உத்தரவு.

சொத்து: தம்பி கிரயம் வாங்கிய வீடு, 2014-இல் பாகப்பிரிவினையில் வந்த 1.80 ஏக்கர் நஞ்சை, வங்கியில் வைப்புத்தொகை, கொஞ்சம் நகை. மாடியை 8 லட்சத்துக்கு ஒத்திக்குக் கேட்கிறார்கள். நிலத்தை வாழை போட 10 வருடக் குத்தகைக்கு ஒருவர் கேட்கிறார். படிப்புச் செலவுக்கு நிலத்தை விற்கும்படி ஆனால், வெளியார் கைக்குப் போகாமல் நானே எடுத்துக்கொள்ளலாமா? பட்டியலில் என்னென்ன வர வேண்டும்?

வாய்தா

முதலில் ஒத்தி. வேண்டாம். மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டை அனுபவிக்க விட்டால் அது வாடகை ஆகாது, சுவாதீன அடமானம். தாளில் 'லீஸ்' என்று எழுதினாலும் கோர்ட் உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும். 1890-ஆம் ஆண்டு கார்டியன் மற்றும் வார்டுகள் சட்டம், பிரிவு 29-இன்படி முன் அனுமதி இல்லாமல் அடமானம், விற்பனை, தானம், பரிவர்த்தனை எதுவும் கூடாது. போதாததற்கு, அந்த 8 லட்சத்தை முடிவில் திருப்பித் தர வேண்டும். மாத வாடகைக்கே விடுங்கள்.

குத்தகைக்கு இரண்டு வரம்பு. ஒரே தடவையில் 5 ஆண்டுக்கு மேல் கூடாது. குழந்தை மேஜர் ஆன நாளிலிருந்து ஓர் ஆண்டைத் தாண்டியும் போகக் கூடாது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. இப்போது 13 என்பதால் 5 ஆண்டு கொடுக்கலாம். 16 வயதில் புதுப்பித்தால் 19 வரைதான், அதாவது 3 ஆண்டு. 10 வருடத்துக்கு அனுமதி வாங்கியே தீர வேண்டும்.

5 வருடமே என்றாலும் நஞ்சையில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், தன் உடலுழைப்பால் பயிரிடும் குத்தகைதாரரைக் காலம் முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. மேஜர் ஆன பெண் கையில் பட்டா இருக்கும், நிலம் இருக்காது. ஆள் வைத்துச் சொந்தப் பொறுப்பில் பயிர் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் குத்தகை எழுதுவதற்கு முன் கார்டியன் சட்டத்தின் பிரிவு 33-இன் கீழ் மனு போட்டுக் கோர்ட்டின் ஆலோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையை மறைக்காமல் கேட்டு, சொன்னபடி நடந்தால் அது உங்களுக்குப் பாதுகாப்பு. இந்தப் பிரிவை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம்.

பேரேடு

பட்டியல் பற்றி. நியமன நாளில் உள்ளபடி எழுத வேண்டும். நிலத்துக்குச் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. வீட்டுக்குச் சொத்து வரி எண், மின் இணைப்பு எண், யார் குடியிருக்கிறார்கள், எவ்வளவு வாடகை, எவ்வளவு முன்பணம். அந்த முன்பணம் குழந்தையின் கடன் என்பதை மறந்துவிடுவார்கள். நகையை மதிப்பீட்டாளரிடம் கொடுத்து உருப்படி வாரியாக மொத்த எடை, கல் நீக்கிய எடை இரண்டும் எழுதி, போட்டோ எடுத்து லாக்கரில் வையுங்கள். "சுமார் 30 பவுன்" என்று எழுதினால் பின்னால் அந்த 'சுமார்' உங்கள் தலையில்தான் விழும். தம்பிக்கு வர வேண்டிய பணம், தம்பி தர வேண்டிய கடன் இரண்டும் வர வேண்டும்.

வங்கிக் கணக்கு மைனர் பெயரில், நீங்கள் கோர்ட் கார்டியன் என்ற குறிப்போடு தனியாக இருக்கட்டும். வாடகை அதில் மட்டும் விழட்டும். உங்கள் கணக்கில் போட்டு மாதக் கடைசியில் மாற்றுவது மோசடியாக இல்லாமலே மோசடி போலத் தெரியும். ரொக்கச் செலவு ஒவ்வொன்றுக்கும் ரசீது.

செலவிலும் வரம்பு உண்டு. பிரிவு 34-இன்படி, வருமானத்தில் கோர்ட் சொல்கிற பகுதியைத்தான் பராமரிப்புக்கும் படிப்புக்கும் எடுக்கலாம். வைப்புத்தொகையை உடைக்கத் தனி உத்தரவு வேண்டும். உங்கள் உழைப்புக்கு என்று ஒரு தொகையை நீங்களே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோர்ட் நிர்ணயித்தால்தான் உண்டு.

கணக்குத் தராவிட்டால் பிரிவு 45-இல் 100 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்கு 10 வரை, மொத்தம் 500-க்கு மிகாமல். 1890-ஆம் வருடத்துத் தொகை என்று சிரிக்க வேண்டாம், அதே பிரிவில் சிவில் சிறையும் இருக்கிறது.

ஒரு கேள்வி: உங்கள் அம்மா இருக்கிறாரா?

நிலத்தரகர்77

இவ்வளவு சுற்ற வேண்டாம் சார். நிலத்துக்கு இப்பவே அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கிக்குங்க. பொண்ணுக்கு 18 ஆனதும் நேரா கிரயம்.

வாய்தா

தரகர் சார், அனுமதி இல்லாத அந்த அக்ரிமென்ட்டை வைத்து மைனர் மீது கிரயம் கேட்க முடியாது. அட்வான்ஸைச் செலவழித்திருந்தால் பெரியப்பா கைக்காசு போட்டுத் திருப்பித் தர வேண்டும். அனுமதியில்லாமல் கிரயமே செய்தாலும் அது ரத்து செய்யத்தக்கது. மேஜர் ஆனதிலிருந்து 3 ஆண்டு, அதாவது 21 வயது முடியும் வரை, அந்தப் பெண் வழக்குப் போடலாம். விவரமான ஆள் எவரும் அந்த நிலத்தை முழு விலைக்கு வாங்க மாட்டார்.

விற்றே ஆக வேண்டுமென்றால் பிரிவு 31: அவசியம் அல்லது மைனருக்குத் தெளிவான நன்மை, இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். கட்டண விவரம், வருமானமும் வைப்பும் ஏன் போதவில்லை என்ற கணக்கு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை, வழிகாட்டி மதிப்பு எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள். "படிப்புச் செலவுக்காக" என்று ஒற்றை வரி எழுதினால் மனு நிற்காது. பொது ஏலத்தில் விற்கவும், பணத்தைக் கோர்ட்டில் கட்டவும் நிபந்தனை போடலாம்.

நீங்களே வாங்குவதை மறந்துவிடுங்கள். பிரிவு 20-இன்படி இது நம்பிக்கைப் பொறுப்பு. இதை வைத்து லாபம் பார்க்கக் கூடாது. 18 முடிந்த மறு மாதம் அவளிடமிருந்து வாங்கினாலும் அதே பிரிவு பிடிக்கும். உங்கள் செல்வாக்கு ஓயாத காலத்தில் நடக்கும் எல்லா வரவு செலவுக்கும் அது பொருந்தும்.

ஆற்றங்கரை

அம்மா இருக்கிறார். என்னோடுதான் இருக்கிறார். ஏன் கேட்டீர்கள்?

பேரேடு

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் உயில் எழுதாமல் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தம்பி கிரயம் வாங்கிய வீட்டிலும் வைப்பிலும் உங்கள் அம்மாவுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு என்பது தம்பி, மனைவி இருவரில் யார் முதலில் இறந்தார் என்பதைப் பொறுத்தது. பாகத்தில் வந்த நஞ்சையில் மகளுக்குப் பிறப்புரிமை வரலாம் என்பதால் அங்கே கணக்கு வேறு. மனைவியின் நகை அவருடைய சொத்து. அதில் மாமியாருக்கு நேரடியாகப் பங்கில்லை (மனைவி முதலில் இறந்திருந்தால் மட்டும் தம்பிக்கு வந்த பங்கு வழியாக வரலாம்), தம்பியின் நகையோடு கலக்காதீர்கள். முழுவதையும் மைனர் சொத்து என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். பட்டியலுக்கு முன் வாரிசுச் சான்றை வக்கீலிடம் காட்டிப் பங்கை எழுதச் சொல்லுங்கள். அம்மா விட்டுக்கொடுக்க விரும்பினால் பதிவு செய்த பத்திரம் மூலமாகவே செய்யட்டும்.

வரியையும் பாருங்கள். பெற்றோர் இருவரும் இல்லாததால் குழந்தையின் வருமானம் உங்கள் வருமானத்தோடு சேராது. அவள் பெயரில் பான் எடுத்து, வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் அவள் சார்பில் நீங்கள் ரிட்டர்ன் போட வேண்டும்.

வாய்தா

ஒன்று விட்டுப்போயிற்று. 18 ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சொத்தையும் கணக்குகளையும் எழுத்தில் ஒப்படைத்து, பிரிவு 41-இன் கீழ் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் உத்தரவு கேளுங்கள். பின்னால் மோசடி எதுவும் தெரியவந்தால் தவிர, அந்த உத்தரவு உங்களைக் காக்கும். அதுவரை ரசீதுக் கட்டை எறிய வேண்டாம்.