40 சதவீத லாபம் என்று எழுதியவர் இந்தக் கணக்கைப் பார்க்கவும்

கணக்கர்:
பக்கத்துத் திரியில் டிசைன்ராஜா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிரிண்ட் ஆன் டிமாண்ட், அதாவது ஆர்டர் வந்த பிறகே அச்சடித்து அனுப்பும் தொழிலுக்கு முதலீடே தேவையில்லையாம். ஒவ்வொரு டீ-சர்ட்டிலும் 40 சதவீத லாபமாம். நூறு டிசைன் ஏற்றிவிட்டால் மூன்றாவது மாதத்திலிருந்து சம்பளம் மாதிரி பணம் வருமாம். கீழே வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் வேலையை விடலாமா என்று கேட்கிறார்கள்.

சம்பளத்தையும் நூறு டிசைனையும் அப்புறம் பார்க்கலாம். அந்த 40 எங்கிருந்து வந்தது? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

டிசைன்ராஜா:
வந்துவிட்டார் கணக்கு வாத்தியார். நான் எது எழுதினாலும் மறுநாள் உங்களிடமிருந்து ஒரு திரி வந்துவிடுகிறது.

சட்டையை 25 டாலருக்கு விற்கிறேன், டெலிவரி இலவசம். அச்சு நிறுவனம் சட்டைக்கும் அச்சுக்கும் சேர்த்து 10 எடுக்கிறது, அனுப்ப 5. மீதி 10. பத்தை இருபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள், 40 வரும். இது பள்ளிக்கூடக் கணக்கு. இதற்கு ஒரு திரியா?

கணக்கர்:
எட்ஸி என்ற இணையச் சந்தையில் விற்கிறேன் என்று நீங்களேதான் அந்தத் திரியில் எழுதினீர்கள். எட்ஸி சும்மா விற்றுக் கொடுக்கிறதா? 2022 ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு விற்பனையிலும் 6.5 சதவீதம் எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் 5 ஆக இருந்தது. 25 டாலரில் அது 1.63. பணம் வாங்கித் தருவதற்கு அமெரிக்கக் கணக்கென்றால் 3 சதவீதமும் 25 சென்ட்டும், ஆக 1 டாலர். பொருளைப் பட்டியலில் போட 20 சென்ட். மொத்தம் 2.83 போய்விட்டது. உங்கள் பத்து டாலர் 7.17 ஆகிவிட்டது. 28 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இன்னும் முடியவில்லை. எட்ஸி உங்கள் பொருளை வெளித் தளங்களில் விளம்பரம் செய்கிறது. அந்த விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவர் 30 நாளுக்குள் உங்கள் கடையில் வாங்கினால் சிறிய கடைகளிடம் 15 சதவீதம் பிடிப்பார்கள். 25 டாலரில் 3.75. அந்த ஒரு சட்டையில் உங்கள் கையில் நிற்பது 3.42. பதினான்கு சதவீதம்கூட இல்லை. 40 எங்கே?

டிசைன்ராஜா:
எல்லா விற்பனையும் விளம்பரம் வழியாகவா வருகிறது? ஒன்றிரண்டு வரும். அதை வைத்துக்கொண்டு மொத்தத் தொழிலையும் மட்டம் தட்டுகிறீர்கள். நான் சொன்னது பொருளில் வரும் லாபம். பொருளில் 40 தான். முடிந்தது.

மைத்துளி:
நீங்கள் இரண்டு பேரும் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் துணியில் நேரடியாக அச்சடிக்கும் டீடிஜி இயந்திரத்தில் வேலை செய்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ராஜா அந்தத் திரியில் "மாதிரிச் சட்டை வாங்குவது வீண் செலவு, சட்டை மேல் டிசைனைக் கணினியில் பொருத்திய மாக்கப் படம் போதும்" என்று எழுதியிருந்தாரே, அதை யாருமே கேட்கவில்லையா?

கருப்புச் சட்டையில் அச்சடிக்க முதலில் ஒரு திரவம் தெளிக்க வேண்டும். பிறகு வெள்ளை மை ஒரு அடுக்கு, அதன் மேல்தான் வண்ணம். டிசைனில் நிழல், புகை, மங்கலான ஓரம் என்று பாதி ஒளிபுகும் இடம் இருந்தால் அங்கெல்லாம் வெள்ளை மை எட்டிப் பார்க்கும். திரையில் பளிச்சென்று மின்னும் நியான் பச்சை, துணியில் வாடிப்போன பச்சையாக வரும். மாக்கப் படத்தில் இது எதுவுமே தெரியாது. வாங்கியவர் கையில்தான் முதலில் தெரியும். ஒரு நட்சத்திரம் கொடுப்பார்.

டிசைன்ராஜா:
அது அச்சு நிறுவனத்தின் குறை. படம் எடுத்து அனுப்பினால் புதுசு அனுப்புவார்கள். நான் ஏன் மாதிரி வாங்க வேண்டும்?

மைத்துளி:
மை கசிந்தாலோ கோணலாக அச்சானாலோ புதுசு வரும். நீங்கள் கொடுத்த கோப்பு மோசமாக இருந்தால் வராது. கோப்பில் உள்ளதைத்தான் அடித்தோம் என்பார்கள், அது சரிதான். அளவு சேரவில்லை என்று திருப்பி அனுப்பினாலும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தச் சட்டையை அவர்களால் வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்தப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். கில்டன் 5000 ரகச் சட்டை போட்டுப் பழகியவர் பெல்லா கேன்வாஸ் 3001 ரகம் வாங்கினால் உடம்போடு ஒட்டுகிறது என்பார். இதை எழுதி வைக்காத கடைக்காரர்தான் மாட்டிக்கொள்வார்.

கணக்கர்:
மைத்துளி சொல்கிற திருப்பி அனுப்பலையும் அந்த 40-க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் ராஜா. 25-க்கு விற்ற ஒரு சட்டையின் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தால் அச்சுக்கும் அனுப்பவும் கொடுத்த 15 டாலர் போனது போனதுதான். அதை ஈடுகட்ட இன்னும் இரண்டு சட்டைக்கு மேல் விற்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் கடையில் வருடம் முழுக்க 20 சதவீதத் தள்ளுபடி தொங்குகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். அப்படியென்றால் விற்கும் விலை 20. செலவு அதே 15. மீதி 5. எட்ஸிக்கும் பணம் வாங்கித் தருவதற்கும் 2.35 போனால் 2.65. விளம்பரம் வழியாக வந்த ஆளாக இருந்தால் இன்னும் 3 டாலர். அதாவது விற்ற சட்டைக்கு நீங்கள் கையிலிருந்து 35 சென்ட் கொடுக்கிறீர்கள். விற்கவிற்க நஷ்டம். இதற்கும் பெயர் 40 சதவீதமா?

டிசைன்ராஜா:
தள்ளுபடி போடுகிறவனுக்கு விலையை முன்னாலேயே ஏற்றி வைக்கத் தெரியாதா? என் கடை விலை உங்களுக்கு எதற்கு? நீங்கள் ஒரு சட்டையாவது விற்றிருக்கிறீர்களா?

கணக்கர்:
விற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். கடையின் பெயரை இங்கே போட்டால் மறுநாளே என் டிசைன்கள் நாலு கடையில் இருக்கும் என்பதால் போடவில்லை. பேச்சை மாற்ற வேண்டாம். விலையை ஏற்றி வைத்தீர்கள் என்றால் 25 என்று எதற்கு எழுதினீர்கள்?

புதுக்கடை:
வணக்கம். நான் இன்னும் தொடங்கவில்லை. ராஜா அண்ணன் பதிவைப் படித்துத்தான் ஆசை வந்தது. இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபையில் சொந்தமாகக் கடை போட்டால் இந்த 6.5 சதவீதம் எல்லாம் இருக்காதே? அப்போது 40 நிற்குமா?

டிசைன்ராஜா:
சரியான கேள்வி தம்பி. சொந்தக் கடை போட்டால் நிற்கும். அதைத்தான் சொல்ல வந்தேன், இவர் விடவில்லை.

கணக்கர்:
இதைத்தான் சொல்ல வந்தாராம்! எட்ஸி என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டதும் சொந்தக் கடைக்கு ஓடுகிறார்.

புதுக்கடை, கேளுங்கள். சொந்தக் கடைக்கு மாதச் சந்தா உண்டு, விற்றாலும் விற்காவிட்டாலும். பணம் வாங்கும் கட்டணம் அங்கேயும் உண்டு. எல்லாவற்றையும் விட, அங்கே ஆள் வர மாட்டார்கள். எட்ஸியில் தேடி வருகிற கூட்டத்துக்குத்தான் அந்த 6.5. சொந்தக் கடைக்கு நீங்களே விளம்பரம் போட்டு ஆளைக் கூட்டி வர வேண்டும். சொடுக்குக்குச் சொடுக்கு காசு. ஒரு சொடுக்குக்கு அரை டாலர் என்று வையுங்கள், ஐம்பது பேர் வந்து ஒருவர் வாங்கினால் அந்த ஒரு விற்பனைக்கு விளம்பரம் மட்டும் 25 டாலர். சட்டையின் விலையே அதுதான்.

டிசைன்ராஜா:
ஐம்பது பேரில் ஒருவர்தான் வாங்குவார் என்று யார் சொன்னது? டிசைன் நன்றாக இருந்தால் பத்துப் பேரில் ஒருவர் வாங்குவார். உங்கள் டிசைனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

செம்மை:
டிசைனைப் பற்றி ராஜா பேசுகிறார், அதுதான் தாங்கவில்லை. அவருடைய பாதி டிசைன் ஒரு வாக்கியத்தை செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வாங்கிய படம். 2023 மார்ச்சிலேயே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சொல்லிவிட்டது, மனிதர் படைக்காத பகுதிக்குப் பதிப்புரிமைப் பதிவு இல்லை என்று. நாளைக்கு ஒருவர் அதை அப்படியே எடுத்துப் போட்டால் இவர் எதைக் காட்டித் தடுப்பார்?

டிசைன்ராஜா:
நான் வாங்கி, திருத்தி, எழுத்து சேர்த்து, வண்ணம் மாற்றித்தான் போடுகிறேன். அதுவும் வேலைதான். கையால் வரைந்தால்தான் கலைஞனா? போன வருடம் லோகோ போட்டியில் தோற்ற கோபம் செம்மைக்கு இன்னும் போகவில்லை.

செம்மை:
அந்தப் போட்டியில் யார் யாருக்கு ஓட்டுக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே வேண்டாம். நீங்கள் சேர்க்கிற எழுத்துக்கே வருகிறேன். சர்வ சாதாரணமாகத் தெரியும் வாசகங்களைக்கூட ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். தேடிப் பார்க்காமல் போட்டால் புகார் வரும், பொருளைத் தூக்குவார்கள், திரும்பத் திரும்ப வந்தால் கடையையே மூடுவார்கள். நூறு டிசைன் ஏற்றச் சொன்னீர்களே, அதில் ஒன்றையாவது தேடிப் பார்க்கச் சொன்னீர்களா?

கணக்கர்:
செம்மை, அது தனித் திரிக்கு உரிய விஷயம். இவர் தப்பிக்க வழி காட்டாதீர்கள். 40-க்கு இன்னும் பதில் வரவில்லை.

செம்மை:
எது எங்கே பேச வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் திரி என்றால் உங்கள் வீடா?

புதுக்கடை:
மன்னிக்கவும், சண்டை வேண்டாம். முதலீடு எவ்வளவு கையில் வைத்துக்கொள்வது, எவ்வளவு நாள் காத்திருப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

கணக்கர்:
நானே சொல்கிறேன். முதலீடு இல்லாத தொழில் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். ஆர்டர் வந்ததும் அச்சு நிறுவனம் அந்த நிமிடமே உங்கள் அட்டையில் பணம் எடுக்கும். எட்ஸி உங்களுக்குத் தருவது அப்புறம்தான், அதுவும் புதுக் கடை என்றால் ஒரு பகுதியைச் சில காலம் நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. ஒரே வாரத்தில் நாற்பது ஆர்டர் வந்தால் சந்தோஷப்படுவீர்கள். 15 டாலர் வீதம் 600 டாலர் உங்கள் கையில் இல்லாவிட்டால் ஆர்டர்கள் அப்படியே நிற்கும், வாங்கியவர் ரத்து செய்வார்.

மாதிரிக்கு ஒதுக்குங்கள், மைத்துளி சொன்னது முழுக்கச் சரி. பட்டியலில் போட்ட 20 சென்ட் நாலு மாதத்துக்குத்தான், விற்காத டிசைனுக்கும் மறுபடி கட்ட வேண்டும். நூறு டிசைன் என்றால் நாலு மாதத்துக்கு ஒருமுறை 20 டாலர். நூறில் பெரும்பாலானவை ஒரு முறைகூட விற்காது. ஏதோ நாலைந்து ஓடும், எந்த நாலைந்து என்று முன்கூட்டித் தெரியாது. நவம்பர், டிசம்பரில் வரும் விற்பனையைப் பார்த்து வேலையை விட்டுவிடாதீர்கள், ஜனவரியில் சரியும். முதல் வருடம் போட்ட பணம் திரும்பினாலே நல்ல கடைதான். நான் தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் செய்கிறேன், பிடித்துத்தான் செய்கிறேன். சம்பளம் என்று சொல்லி ஆள் சேர்க்கிறதுதான் பிடிக்கவில்லை.

டிசைன்ராஜா:
ஆள் சேர்க்கிறேனா? நேரடியாகச் சொல்லுங்களேன். போன வருடம் நான் வகுப்பு எடுத்தபோது நீங்கள் இலவசமாக இடம் கேட்டீர்கள், நான் தரவில்லை. அன்றிலிருந்து இதுதான். டிசைன் கொடுத்தால் அமேசானே அச்சடித்து விற்கும் அமேசான் மெர்ச்சில் பட்டியல் கட்டணமே கிடையாது, அதையும் இவர் சொல்ல மாட்டார்.

கணக்கர்:
இலவசமாகக் கேட்டேனா? பாடத்திட்டம் என்ன என்று கேட்டேன். அந்தச் செய்தி என்னிடம் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் போடுகிறேன்.

அமேசான் மெர்ச் 2015-இல் வந்தது. விண்ணப்பித்து அனுமதி கிடைத்தால்தான் உள்ளே போக முடியும். போனாலும் தொடக்கப் படியில் 10 டிசைன்தான், விற்றால்தான் அடுத்த படி. உங்கள் நூறு அங்கே எப்படி ஏறும்? ரெட்பபிள் என்ற இன்னொரு தளத்துக்குப் போகலாம் என்பீர்கள், அங்கேயும் 2023-இல் இருந்து சாதாரணக் கணக்குகளிடம் வருமானத்தில் கட்டணம் பிடிக்கிறார்கள். எங்கே போனாலும் யாராவது ஒருவர் பிடிப்பார். அந்த 40-ஐ மட்டும் யாருமே தொடாமல் விட்டுவைப்பார்களா?

டிசைன்ராஜா:
பொருளில் 40. ஆயிரம் தடவை கேட்டாலும் 40.

மைத்துளி:
ராஜா, உங்கள் கடையில் முதலில் இருக்கிற கருப்புச் சட்டை, புகை மூட்டத்தில் ஓநாய் நிற்கிற படம், அதற்கு ஒரு மாதிரியாவது வாங்கிப் பார்த்தீர்களா? மூன்று பேர் விமர்சனத்தில் வெள்ளைப் புள்ளி என்று எழுதியிருக்கிறார்கள்.

டிசைன்ராஜா:
அது முன்தெளிப்புத் திரவத்தின் கறை. ஒரு முறை துவைத்தால் போய்விடும் என்று பதில் போட்டிருக்கிறேனே.

மைத்துளி:
திரவத்தின் கறை அச்சைச் சுற்றிப் பெட்டி மாதிரி தெரியும், அது துவைத்தால் போகும். புகைக்குள்ளே இருக்கிற புள்ளி வெள்ளை மை. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. வாங்கியவரிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

டிசைன்ராஜா:
எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நன்றாகத் தெரிகிறது.

புதுக்கடை:
அந்த வெளி விளம்பரத்தை நிறுத்த முடியுமா? அதையாவது சொல்லுங்கள்.

கணக்கர்:
முடியும். பன்னிரண்டு மாதத்தில் 10,000 டாலருக்குக் கீழே விற்கும் கடை அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம். ஒருமுறை தாண்டிவிட்டால் அந்தக் கடை இருக்கிறவரை அணைக்க முடியாது, சதவீதம் 12 ஆகும்.

டிசைன்ராஜா:
அணைக்காதே தம்பி. அணைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். இவர் பேச்சைக் கேட்டுக் கடையை மூடாதே.

கணக்கர்:
ஒன்றிரண்டு விற்பனைதான் விளம்பரத்தில் வரும் என்று மேலே எழுதியது யார்?